அம்மப்பாவுக்கு எடுத்த கல்

ஆல்ப்ஸ் மலை சுவிட்சர்லாந்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எட்டு வயது வரை நான் நம்பியிருந்தேன். மெல்பனில் எங்கள் டண்டினொங் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனால் ஆல்ப்ஸ் வந்துவிடும் என்று எங்களுக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மப்பா, அதாவது அம்மாவின் தகப்பனார். பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை. “ஆஸ்திரேலியாவிலும் ஆல்ப்ஸ் உண்டு. ஏறிப் பார்த்து எழுது. ஒரு கல்லும் எடுத்து வை, நான் வரும்போது பார்க்கிறேன்” என்று நீல நிற விமானக் கடிதத்தில் அம்மாவுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

அவர் வருவதற்கான விசா அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் அம்மா தபால்காரனுக்காகவே வாழ்ந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. என் அறையில் அம்மப்பாவுக்கென்று ஒரு கட்டிலும் போட்டாகிவிட்டது. நான் அதில் என் பொம்மைகளைத் தற்காலிகமாகக் குடியேற்றியிருந்தேன்.

ஜனவரி மாதம், கோடை விடுமுறை. சனிக்கிழமை மலைக்குப் போவதென்று முடிவாயிற்று. வெள்ளி பின்னேரம் அம்மா குசினியில் மீன் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் கார் கழுவினார். நான் குழாயைப் பிடித்து உதவி என்ற பெயரில் உபத்திரவம் செய்துகொண்டிருந்தேன். அப்போது தந்திக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அப்பா ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தந்தியைப் பிரித்து வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஏற்கெனவே கழுவிய கதவையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

“அம்மப்பாவிட்டையிருந்தா?” என்று கேட்டேன்.

“ஊரிலையிருந்து” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அம்மாட்டை இப்ப சொல்லாதை, பிள்ளை. நாளைக்கு மலைக்குப் போட்டு வந்தாப்பிறகு நான் சொல்லுறன்” என்றார்.

எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. விசா கிடைத்துவிட்டது, அம்மப்பா வரப்போகிறார், அப்பா அதை ஒளித்து வைத்து அம்மாவை ஆச்சரியப்படுத்தப் போகிறார். பெரியவர்களிடம் இவ்வளவு விளையாட்டுப் புத்தி இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அன்றிரவே கட்டிலிலிருந்து பொம்மைகளை இறக்கிவிட்டேன்.

மலையில் ஏறும்போது அம்மா வேறு ஆளாக இருந்தார். நூல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, றப்பர் செருப்போடு எங்களுக்கு முன்னால் நடந்தார். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி சேலையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அம்மா அவர்களுக்குக் கையசைத்தார். சிவப்பும் பச்சையுமாய்க் கோடு விழுந்த மரங்களைத் தடவிப் பார்த்தார். புல்வெளியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்ததைக் கண்டு சத்தமாகச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரிப்பதை அந்த நாட்டில் நான் கேட்டதே இல்லை. அப்பா மட்டும் காலையிலிருந்து ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல், வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார்.

உச்சியில் அம்மா நெடுநேரம் தேடி, கைக்கு அடக்கமான ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்தார். “இது அவருக்குப் பிடிக்கும். இதிலை மின்னுறதுக்கு ஒரு பேர் சொல்லுவார்” என்று துடைத்துக் கைப்பையில் போட்டார். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு இரவும் அரைப் பகலும் நான் ரகசியம் காத்ததே பெரிய காரியம். அம்மாவின் காதோடு சொன்னேன்:

“அம்மா, அம்மப்பா வாறார். தந்தி வந்தது.”

அம்மாவின் கையில் கட்லட் இருந்தது. அதை மெதுவாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

“எப்ப வந்தது?”

“நேற்றுப் பின்னேரம். அப்பா ஒளிச்சு வைச்சிருக்கிறார்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நல்ல செய்தியை யாரும் ஒளித்து வைப்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. “நீ சாப்பிடு, பிள்ளை” என்று என் கையில் இரண்டு கட்லட்டை வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார். நான் இரண்டையும் ரசித்துச் சாப்பிட்டேன்.

பல வருடங்கள் கழித்து அப்பாவிடம் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். “ஊருக்குப் போய்ச் சேர ஒரு கிழமை செல்லும். அதுக்குள்ளை செத்தவீடு எல்லாம் முடிஞ்சிருக்கும். மலையைப் பார் எண்டு எழுதினவர் அவர்தானே. அதையாவது அவ சந்தோஷமாய்ப் பார்க்கட்டும் எண்டு நினைச்சன்” என்றார். அம்மா அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மலையைப் பற்றி அம்மா பிறகு ஒருநாளும் பேசியதில்லை.

இறங்கும் வழியில் ஒரு ஓடை குறுக்கிட்டது. ஏறும்போது அதைக் கல்லில் கால் வைத்துத் தாண்டியிருந்தோம். இப்போது அம்மா நின்றார். “இஞ்சேருங்கோ, இதைப் பிடியுங்கோ” என்று கைப்பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினார். கோடையிலும் காலை வைக்க முடியாத குளிர் அது. அம்மா கொண்டையை அவிழ்த்து, மூன்று தரம் தலை முழுகினார். இழவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சந்தோஷத்தில்தான் அம்மா இப்படித் துள்ளுகிறார் என்று நினைத்தேன்.

அம்மா கையை நீட்டினார். அப்பா பையிலிருந்த கல்லை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் தண்ணீருக்குள் விட்டார்.

“ஐயோ, அது அம்மப்பாவுக்கெல்லோ!” என்று கத்தினேன்.

“ஓம். அவருக்குத்தான்” என்றார் அம்மா.

பிறகு என்னை இறங்கச் சொன்னார். சட்டையோடு குளிக்க விடாத அம்மா தானாகக் கூப்பிட்டால் யார்தான் நிற்பார்கள்? ஓடிப்போய் இறங்கினேன். அம்மா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் தலையில் மூன்று முறை வார்த்தார். விளையாட்டு என்று எண்ணி, நானும் தண்ணீரை அள்ளி அம்மாவின் மேல் எறிந்துவிட்டு, மலையே கேட்கும்படி சிரித்தேன்.