பதினான்காவது குழி

கல் குவாரியில் அவரை எல்லோரும் வெடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வருஷம் பாறைக்கு வெடி வைத்தவருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. பாறையில் துளைத்த குழிகளில் மருந்தை அடைத்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வைத்தது எத்தனையோ அத்தனையும் வெடித்தால் சைரன் ஊதலாம், ஆட்கள் இறங்கலாம். ஒன்று குறைந்தால், அது கல்லுக்கடியில் வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

இடது கை விரல்களின் கணுக்களை வலது கையால் அழுத்திக்கொண்டே எண்ணுவார். நான்கு விரலுக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு, கட்டைவிரலுக்கு இரண்டு. அதனால் ஒரு தடவைக்குப் பதினான்கு குழிக்கு மேல் வைக்க மாட்டார். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டில் கதையளந்துவிட்டு வந்து, "எத்தனை விசிலுங்க?" என்று கேட்பாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவார். ஒரு நாளும் தப்பியதில்லை.

எண்ணுகிறவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் கணக்கை வாய்விட்டுச் சொல்லும்வரை அடுத்தவரிடம் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், காதில் விழுந்தது எது, மனசு தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் கேட்டுத் தொலைத்தார்.

பத்தாவது வெடிக்கும் நேரத்தில் மேலே ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். எல்லாம் அடங்கியபோது கட்டைவிரலில் நுனிக் கணு மட்டும் மிச்சமிருந்தது. பதற்றத்தில் பக்கத்திலிருந்த மேஸ்திரியிடம், "எத்தனைய்யா கேட்டுது?" என்று கேட்டுவிட்டார்.

"பதினாலு. ரெண்டு ஒண்ணா வெடிச்சுதே, கவனிக்கலையா?"

மேனேஜரும் பதினான்கு என்றார். லாரிகள் வரிசை கட்டி நின்றால் எந்த மேனேஜருக்கும் பதினான்குதான் கேட்கும். அரை மணி நேரம் பொறுத்து, வெடிக்காரர் தனியாக உள்ளே இறங்கிப் பார்த்தார். வடக்கு மூலையில் ஆள் உயரத்துக்குக் கல் சரிந்து மூடியிருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். 'இருக்கு' என்றது உள்ளுக்குள் ஒரு குரல். காது கேட்டதைத்தான் அது சொல்கிறதா, பயத்தில் உளறுகிறதா? மேஸ்திரியிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

மேலே ஏறி வந்து, "சைரன் ஊத மாட்டேன். நாளைக்கு அந்த மூலைய கையால கிளறிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்," என்றார்.

"வயசானா காது அடைக்கத்தான் செய்யும்," என்று மேனேஜர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

கல் வாரும் பொக்லைனை ஓட்டுவது வெடிக்காரருடைய மனைவியின் தம்பி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டிலிருந்து இறங்கி வந்தான். "அவங்க சொல்றத விடுங்க அத்தான். உங்க மனசு என்ன சொல்லுது?"

"உறுதியா தெரியல மச்சான். ஆனா பதிமூணுதான். போகாத."

அவன் வண்டிச் சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். மேனேஜரும் சளைத்தவரில்லை. மத்தியானத்துக்குள் வேறொரு ஓட்டுநரைப் பிடித்து வந்து, தானே சைரனை ஊதினார்.

ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையும் ஒன்றும் ஆகவில்லை. மூலையைக் கிளற வெடிக்காரர் இரண்டு ஆள் கேட்டார், கிடைக்கவில்லை. புது ஓட்டுநர் தெற்கிலிருந்து கல்லை வாரிக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே நகர்ந்தான். பொக்லைனின் கை கல்லில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் வெடிக்காரரின் வலது கை தானாகக் கட்டைவிரல் நுனியை அழுத்தியது. ஆட்களோ அவரைக் கண்டால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டி, "பதிமூணு வராரு, வழி விடுங்க," என்றார்கள். வீட்டுக்கு வந்தால் மச்சான் வேலையில்லாமல் போனை நோண்டிக்கொண்டு படுத்திருந்தான். "உங்க பேச்சக் கேட்டுத்தான் என் தம்பி இப்படிக் கிடக்குறான்," என்று மனைவி சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள். மச்சானைத் தவிர இன்னொருவராவது தன்னை நம்ப வேண்டும் என்று அவருக்கு அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை, தண்ணீர் டிரம் பக்கத்தில் புது ஓட்டுநர் வந்து நின்றான். இளைத்த உடம்பு, சிரித்த முகம். "அண்ணே, ஏதோ பதிமூணு பதினாலுன்னு கேலி பண்றாங்களே, என்ன விஷயம்?"

சொல்லியிருக்கலாம். மச்சானுக்குச் சொன்ன அதே பேச்சுத்தான், வாய் வரைக்கும் வந்தது. இவனும் சாவியை வைத்துவிட்டுப் போய், கடைசியில் அங்கே ஒன்றுமே இல்லையென்று ஆகிவிட்டால்? இன்னொரு வீட்டின் ஏச்சையும் வாங்க வேண்டுமா? இத்தனை பேர் பதினான்கு என்கிறார்கள், நமக்கென்ன வந்தது? மனுஷனுக்கு ரோஷம் வருவதற்கு நேரம் காலமே கிடையாது.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா வம்புக்குப் பேசுறானுங்க," என்றார்.

"அதான பாத்தேன்," என்று அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை வெடி வைக்கும் வேலை இல்லை, கல் வாரும் வேலை மட்டும்தான். வெடிக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மச்சான் எதிரே. மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். குவாரிப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

மச்சான் தட்டை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினான். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. வெடிக்காரர் அசையவில்லை. ஆறு நாளாக நெஞ்சின் மேல் கிடந்த பாரத்தை யாரோ தூக்கி எடுத்தது போலிருந்தது. மூச்சு தாராளமாக இறங்கியது. 'சொன்னேனா இல்லையா,' என்றது உள்ளே அதே குரல்.

மனைவி கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "சிரிக்கிறீங்களா?"

அவர் எச்சில் கையால் வாயைத் தொட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.