நாம செஞ்சதுங்க

ஃபிட்டர் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து மோட்டார் மியூசியத்துக்கு ஞானம் பிறந்தது. பழைய எஞ்சின்களை உண்மையில் யார் கண்டுபிடித்தார்கள் என்று மறுபடி விசாரிக்க, ஆராய்ச்சியாளர் ஒருவர் ஃபிட்டரின் மனைவியைத் தேடி வந்தார்.

அந்தக் காலத்து எஞ்சின் எண்ணெய் இல்லாமல் பாதி வழியில் இறுகிப்போகும். எண்ணெயைத் தானே சுற்றவிடும் கையடக்கப் பம்பைச் செய்தவர் ஃபிட்டர். எட்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், சமையலறை மேசையில் அரத்தால் பித்தளையை ராவினார். அவள் திட்டிக்கொண்டே மேசையைத் துடைப்பாள். கடைசியில் மியூசியப் பலகையில் அவர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி பேர்! கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான், வேறென்ன? கண் மூடுவதற்குள் அங்கே புருஷன் பேரைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

"வரைபடமெல்லாம் அவர் கையெழுத்துதாம்மா. ஆனா காப்புரிமை விசாரணையில ஒரு இடம் இடிக்குது" என்றார் ஆராய்ச்சியாளர். பழைய பதிவேட்டின் நகலை வாசித்தார். இதை யார் செய்தது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஃபிட்டர் பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளியைப் பார்த்து, 'நாம செஞ்சதுங்க' என்றிருக்கிறார்.

"நாமன்னா முதலாளியும் சேர்த்திதானேம்மா?"

"ஐயோ, அது மரியாதைக்குச் சொல்றதுய்யா! 'நாம பாத்துக்கலாம்'னு சொல்லிட்டு அவரேதான் பாப்பாரு. 'நான்'ங்கறதை அவரு 'நாம'ன்னு சொன்னாரு."

"அவரு எப்பவுமே அப்படித்தான் பேசுவாரா?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல. அன்னிக்குக் காலையில நான்தான் சொல்லி அனுப்பினேன். பெரியவங்க முன்னாடி 'நான், நான்'னு நிக்காதீங்க, தலைக்கனம்னு நினைப்பாங்க, 'நாம'ன்னு பணிவாச் சொல்லுங்கன்னேன்."

ஆராய்ச்சியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் நம்பறேம்மா. ஆனா குழு ஒத்துக்காது. அவர் வாயாலயே சொன்னதாச்சே. பலகை இருந்தபடியேதான் இருக்கும்."

அவர் போனபின் அவள் கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, பட்டறையில எவன் பேச்சையும் கேட்டதில்லையே நீங்க. அன்னிக்கு மட்டும் என் பேச்சை எதுக்குங்க கேட்டீங்க?"