துண்டு போட்ட மானிட்டர்

சென்னைக்குப் போகிற காலை வண்டியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தே பழகியவன் நான். இப்போது வேலை திருத்தணியிலேயே, மலையடிவாரத்து மாடிக் கூடம் ஒன்றில் நடக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த கூடம். ஆளுக்கொரு லேப்டாப் உண்டு. பெரிய மானிட்டர் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று. வண்டியை விட்டாலும் பழக்கம் விடவில்லை. முதலில் வந்து அதன் மேல் துண்டு போடுகிறவருக்கே அன்றைக்கு அது சொந்தம்.

அன்று எட்டரைக்கே போட்டுவிட்டேன். எனக்கு வேலை பதினொன்றுக்குத்தான். துண்டு மட்டும் போதாதென்று என் லேப்டாப்பிலிருந்து கேபிளையும் மானிட்டரில் செருகி வைத்தேன். அற்பப் புத்திதான், வேறென்ன.

ஒன்பதே முக்காலுக்கு அம்மையார்குப்பத்து அக்கா மூச்சிரைக்க வந்தார். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்; தறிப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்.

"நைனா, பத்து மணிக்கு வியாபாரி இங்கியே வராரு. போன வாட்டி சின்ன ஸ்கிரீன்ல காட்னேன், பூவு கண்ணுக்கே தெரியலன்னு போய்ட்டாரு. ஒரு மணி நேரம் குடுப்பா."

கொடுத்திருக்கலாம். நாக்கில் சனி.

"கெட்டுப்போச்சுக்கா. அதான் துணி போட்டு மூடி வெச்சிகிறேன்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் பாவமாக இருந்தது. அதைவிடக் குஷியாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்து நண்பனுக்கு எழுதினேன்: 'மானிட்டர் செத்துப்போச்சுன்னு அக்காகிட்ட வுட்டேன். அப்படியே நம்பிடிச்சி!'

கேபிள் செருகியிருந்தால் இதில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும் என்பதை மறந்தே போனேன். துண்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. அக்கா எழுந்து வந்து துண்டைத் தூக்கினார். நான் எழுதியது கட்டை கட்டையான எழுத்தில் கூடத்துக்கே தெரிந்தது. அதை அவர் நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தார்.

"ஆங், செத்தது எவ்ளோ அழகாப் பேசுது பாரு!"

கூடமே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. நானே கேபிளைப் பிடுங்கி அக்காவின் லேப்டாப்பில் செருகினேன். வியாபாரி வந்தார்; பூக்களைக் கிட்டப் போய்ப் பார்த்தார்; ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். என் துண்டு அக்காவின் பையோடு போய்விட்டது. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே ஓடினேன். மானிட்டர், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் மூடி ஒரு முழுப் புடவை விரிந்து கிடந்தது. பக்கத்தில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"துண்டு போட்டா ஒரு சீட்டு, நைனா. பொடவ போட்டா பொட்டியே நம்மளுது."

சட்டம் நாங்கள் போட்டதுதான். துவைத்து மடித்த என் துண்டை நீட்டினார். அதைத் தரையில் விரித்து உட்கார்ந்து வேலை பார்த்தேன்.