யார் எழுதிக் கொடுத்தது?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலை பார்த்துக்கொண்டே, நாற்பது வயதில் மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தேன். என் முதல் கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பில் உரக்கப் படித்தார். பிழை வந்த இடமெல்லாம் நிறுத்தினார், பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த கட்டுரையைப் பலமுறை திருத்தி எழுதினேன். அதற்குப் பூஜ்யம் போட்டார்.

“பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிறவங்க எழுத்தா இது? யாரு எழுதிக் குடுத்தாங்க?”

“ஒரு தலைப்பு குடுங்க சார். இங்கியே உக்காந்து எழுதுறேன்” என்றேன்.

எல்லோர் முன்னாலும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, பூஜ்யத்தை அடித்து மதிப்பெண் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

எழுதும் பயம் எனக்குப் போய்விட்டது. அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. இப்போதெல்லாம் அடித்துத் திருத்திய தாள்களையும் கட்டுரையோடு சேர்த்தே கொடுக்கிறேன்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்