முழங்காலிட்டு வாங்கிய மதிப்பெண்

மித்யானா சந்தையில் இலையில் கட்டி அவித்த வாழைக்காய் விற்றவள் நபுகாலு. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், என் வாடகை பைக்கில் மூட்டை மாதிரித் தூக்கித்தான் அவளை உட்கார வைப்பேன். ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்காரர்களுக்கு இலவசப் பயிற்சி, மூன்று மாதத்தில் தேறினவர்களுக்கு ஒரு வருசம் வரை தொடரும் என்று கேள்விப்பட்டு நான்தான் கூட்டிப்போனேன்.

அங்கே செம்பாலா என்பவன் கேள்வி கேட்டு எண்பதுக்கு மதிப்பெண் போடுவான்; முட்டி நன்றாக இருந்தால் அதிகம், வலி கூடினால் குறைவு. உள்ளே நுழைந்ததும் இவள், எங்கள் பெண்கள் ஆம்பிளைக்கு மரியாதை செய்வதுபோல, சிமென்ட் தரையில் முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். மேசைக்காலைப் பிடித்து எழுந்தாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம். அவன் முழங்காலை மட்டும்தான் பார்த்தான்.

"படி ஏறுவீங்களாம்மா?"

"ஏறுவேன் ஐயா, ஆண்டவர் புண்ணியம்."

"வலி?"

"நல்லாத்தான் இருக்கேன் ஐயா."

ஐம்பத்தெட்டு போட்டான். வெளியே வந்ததும் சுவரோரம் சரிந்து அழுதாள்.

"வாயில வாழைக்காயாக்கா வச்சிருந்த? வலிக்குதுன்னு சொல்றதுக்கென்ன?"

"மொதத் தடவ பாக்குற மனுசன்கிட்டப் போயி யாராச்சும் புலம்புவாங்களாடா?"

மூன்று மாதம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மணல்பையைக் காலில் கட்டித் தூக்கினாள். பைக்கில் தானே ஏறினாள். ஊற்றிலிருந்து அரை கேன் தண்ணீர்கூட சுமந்தாள். மறுபடி மதிப்பெண் போடும் நாளில், நான் மிரட்டியதால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அறுபத்தொன்று.

"மூணுதான் கூடியிருக்கு. ஒம்பது கூடினாத்தான் தேறினதாக் கணக்கு. பேரை எடுத்துடறேன்."

"யோவ், அன்னிக்கு இவளால நடக்கவே முடியலய்யா!"

"முட்டி போட்டு எந்திரிச்சதை என் கண்ணால பாத்தேன். நடிக்கிறதுன்னா வேற எடம் பாருங்க." மணல்பையையும் பிடுங்கிக்கொண்டான்.

"விடு தம்பி," என்றாள் வெளியே. "படிச்சவங்க எண்ணிப் பாத்துச் சொல்றாங்க. தேறிட்டதா எனக்குத்தான் தோணியிருக்கு."

அன்றோடு பயிற்சியை விட்டாள். மாவுப்பையில் மணல் அள்ளி நானே கட்டிக் கொடுத்தேன். அதைப் பானை மூடிமேல் பாரமாக வைத்துக்கொண்டாள். நாலே மாதத்தில் பாயோடு படுத்துவிட்டாள்.

போன வாரம் நகிரிஜ்ஜா என்றொருத்தியை அதே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனேன். "முட்டி போடாத, வாசல்லயே கத்து" என்று சொல்லி அனுப்பினேன். கத்தினாள். இருபத்தொன்று போட்டானாம். இனி எந்திரிச்சு நின்றாலே ஒன்பது கூடிவிடும்.

நபுகாலுவிடம் போய்ச் சொன்னேன். பாயில் கிடந்தபடி உச்சுக் கொட்டினாள்.

"இருபத்தொண்ணா? பாவம், என்னையவிட அவளுக்கு ரொம்ப வலி போல."