தூங்குகிற பிள்ளையின் படத்தை அனுப்பாதவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிலமலையில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து கயல் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நீங்க வெரசா போய்ப் பாருங்க மாமா." மோட்டாரை நிறுத்திவிட்டு அவர்கள் ஊரான ராசிங்காபுரத்துக்கு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தின வாரம்தான் "எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொன்ன மனுஷி அவர்.

கயலின் தாயார் பாண்டியம்மாள் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் அவரும் நானும் சேர்ந்து கோடை முகாம்களுக்கென்று ஓர் இணையதளம் நடத்தினோம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறவர்கள் சிலர் உண்டு. மதுரை, சென்னைப் பெற்றோர் எங்கள் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பதிவு செய்வார்கள். பிள்ளை மலையில் இருக்கும் நாளெல்லாம் அன்றன்றைய படத்தை அதிலேயே பார்ப்பார்கள். கணினி என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதட்டலில் மட்டும் மூத்தவர்.

மலைச்சரிவில் அப்போது சிக்னல் கிடையாது. முகாமில் எடுத்த படங்களை மெமரி கார்டில் ஏற்றி, அதைக் காலி டிபன் டப்பாவில் போட்டு, வேலை முடிந்து கீழே இறங்கும் தோட்டத்து ஆட்களின் ஜீப்பில் கொடுத்துவிடுவார்கள். ஜீப்பு வரும் நேரத்துக்குப் பாண்டியம்மாள் ரோட்டிலேயே போய் நின்றுகொள்வார். டப்பாவை வாங்கிக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வருவார். "பொழுது சாயறதுக்குள்ள பிள்ள மொகம் பெத்தவளுக்குத் தெரியணும்ணே." இது அவர் போட்ட முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் என்னால் வந்தது. ஒரு நாள் வந்த படங்களில், ஏலச்செடி நிழலில் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு பொடிப் பெண்ணின் படம் இருந்தது. ஏற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"தூங்குற பிள்ளையப் போடாதீங்க."

"ஏம்மா, அழகாத்தான இருக்கு?"

"உங்களுக்கு அழகு. மெட்ராசுல உக்காந்திருக்கிறவளுக்கு வயித்துல புளியக் கரைக்கும். கண்ணு தொறந்திருக்கணும்ணே."

அந்தப் பிள்ளைக்கு அன்று வேறு படம் இல்லை. அதன் தாய்க்கு அவரே போன் போட்டு, பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டது என்பது வரை ஜீப்பு ஆட்களிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னார்.

பிறகு மலையில் டவர் வந்தது. ஊருக்கே நல்லது, எங்களுக்கு ஆப்பு. முகாம்காரர்கள் செல்போனிலேயே பெற்றோருக்குக் குழு ஆரம்பித்து, படங்களை நேராகவே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு முகாமாகக் கழன்றுகொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. இரண்டு கோடை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். நான் ஏதேதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே பேச்சில் முடித்தார். "சாத்திருவோம்ணே. வேண்டாம்ங்கிறவங்க வாசல்ல போய் எதுக்கு நிக்கணும்?"

அப்போதுதான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். கடைசி முகாம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. முடிவெடுத்த வேகத்தில், 'எங்கள் சேவை நிறுத்தப்படுகிறது. இனி எங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று தளத்தில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது. முகாமையே மூடிவிட்டு, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டார்கள். மதுரைத் தகப்பனார் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு போடிமெட்டுக்கே கிளம்பிவிட்டார்.

"கடையத்தானண்ணே மூடுறோம்! பிள்ளைக இன்னும் மலையிலதான இருக்கு!" என்று கத்தினார் பாண்டியம்மாள். அதற்கு மேல் என்னைத் திட்ட அவருக்கு நேரமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தானே பேசினார். மறுநாள் காலை தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மேலே போனவர், மிச்ச நாளெல்லாம் முகாமிலேயே தங்கிப் படம் எடுத்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றார்கள். கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகு, தளத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். 'பிள்ளைகள் எல்லாரும் வீடு சேர்ந்துவிட்டார்கள். இனி இங்கே படம் வராது.'

"இப்ப அணைங்கண்ணே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

செவ்வாயன்று ராசிங்காபுரத்தில் அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். கயலால் அதற்குள் வந்து சேர முடியாது. மறுபடி கூப்பிட்டாள்.

"வீடியோ வேண்டாம் மாமா. அழுகைச் சத்தம் கேட்டா நான் தாங்க மாட்டேன். அம்மா மொகத்த ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

போனைத் தூக்கினேன். கை கீழே இறங்கிவிட்டது. "பழைய படம் அனுப்புறேன்டா, ஜீப்புல சிரிச்சுக்கிட்டு இருக்கிறது" என்றேன்.

"அது எங்கிட்ட இருக்கு மாமா. இன்னைக்கி மொகம் வேணும்."

முகத்தில் சரிந்திருந்த மாலையை ஒதுக்கினேன். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒரு பெண்மணி சரிசெய்துவிட்டார். ஒரே ஒரு படம் எடுத்தேன். கூடத்தில் படம் போகிற அளவுக்குச் சிக்னல் இல்லை. மொட்டைமாடிக்கு ஏறி, படம் போய்ச் சேரும்வரை போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போடிமெட்டுப் பக்கம் மலையில் இன்னும் வெயில் இருந்தது. "பாத்துட்டேன் மாமா" என்று கயலிடமிருந்து பதில் வந்தபோது, கீழே தெருவில் மேளம் ஆரம்பித்திருந்தது.

பாண்டியம்மா, கண் மூடிய முகத்தைத்தான் உங்கள் மகளுக்கு அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டேன். போய் வாருங்கள், தாயே.