பாம் என்று விற்ற செடி

நந்திதுர்க்கில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண். இங்கே யாருக்கு இருமல் வந்தாலும், மாடு கறக்காமல் போனாலும் பழி அதன் தலையில்தான் விழும். என் பூனை வருஷக்கணக்காக அந்த மேட்டில்தான் எலி பிடித்தது. ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

அதைக் கொன்றது பெங்களூரில் நான் வாங்கிய ஒரு தொட்டிச் செடி. சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. வேலை முடிந்து ரயிலுக்கு வரும் வழியில் ஒரு நர்சரி. செடி குட்டையாக, இலை விறைத்து, பார்க்க அழகாக இருந்தது. கேட்காமல் வாங்கவில்லை நான்.

"வீட்ல பூனை இருக்குது. கடிச்சா ஒண்ணும் ஆகாதில்ல?"

"பாம் ட்ரீ மேடம் இது, பனை ஜாதி. பூனைக்கு சேஃப்," என்றான் கடைக்காரன். ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த வாரம் பூனை வாந்தி எடுக்க ஆரம்பித்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பண்றது, மேட்டு மண்ணு காத்துல பறக்குதே. மோர் ஊத்து, சரியாப் பூடும்."

தெருவே தலையாட்டியது. மோர் ஊற்றியதிலேயே நாள் போயிற்று.

மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடினேன். பங்காருபேட்டை மாட்டு டாக்டர் பூனையின் காதை மடக்கிப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது. வீட்டில் என்ன செடி என்று கேட்டார். ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இது பாமே இல்லைங்க. பாம் மாதிரி இருக்கும், அவ்ளோதான். சைகஸ். இலை, கொட்டை, வேர் எல்லாமே விஷம். ஈரலைத் தின்னுடும். அரிகா மாதிரி நிஜ பாமா இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வாந்தி ஆரம்பிச்ச அன்னிக்கே தூக்கினு வந்திருக்கணும்."

ஊசி போட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே, என் மடியில், பூனை போய்விட்டது.

மறுநாள் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பக்கத்தில் நின்றவள், "சூப்பரா கீதே, எங்க வாங்கினீங்க?" என்றாள்.

"சுடுகாட்டுல," என்றேன். அதன் பிறகு பெங்களூர் வரை யாரும் என்னிடம் பேசவில்லை.

நர்சரியில் தொட்டியை அவன் முன்னால் வைத்து, பூனை செத்த கதையைச் சொன்னேன்.

"பூனைக்குப் போய் இவ்ளோ கோபமா மேடம்? வேற செடி எடுத்துக்கோங்க," என்றான் கடைக்காரன். அப்போதும் ஃபோனில்தான் கண்.

"விஷம்னு போர்டு எழுதி வைடா!" என்று கத்தினேன்.

அந்த நேரத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அதே மாதிரி இன்னொரு தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை வாங்காதீர்கள், பூனைக்கு விஷம் என்றேன்.

"பரவாயில்லைங்க, எங்க வீட்ல பூனை இல்லை," என்று சிரித்தாள்.

குழந்தை அதற்குள் ஓர் இலையைப் பிடித்து வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவள் கையிலிருந்த தொட்டியைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அது உடைந்த சத்தத்தில்தான் கடைக்காரன் தலையைத் தூக்கினான்.